12 பேர் அணி 6 ஆகிவிட்டது: மலைத் தொடர் ஓட்டத்துக்கு அல்ட்ரா அணியாகப் போகலாமா?

கீரிப்பாறைக்காரன் | அக்டோபர் 12, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஜனவரியில் அண்டை மாநிலத்து மலைப்பாதையில் நடக்கும் தொடர் ஓட்டத்துக்கு நாங்கள் 12 பேர் பெயர் கொடுத்திருந்தோம். மொத்தம் 168 கிலோமீட்டர், 24 கட்டங்கள், ஆளுக்கு இரண்டு கட்டம். இதற்கிடையில் ஒருவருக்கு வளைகுடாவில் வேலை உறுதியாகிவிட்டது. இருவருக்குத் தேர்வு. ஒருவர் வீட்டில் திருமணம். இப்படியே ஒவ்வொருவராகக் கழிந்து ஆறு பேர் மிஞ்சியிருக்கிறோம்.

ஆறு பேரோ அதற்குக் குறைவோ என்றால் அல்ட்ரா பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது ஆளுக்கு நான்கு கட்டம், சராசரியாக 28 கி.மீ. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடக்கம். 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஆறு பேரும் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணன், நர்ஸாக இருக்கும் அக்கா, உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், குளச்சலில் கடலுக்குப் போகும் தம்பி, பொறியியல் படிக்கும் மாணவன், தடிக்காரன்கோணம் பக்கம் மின்சாமான் கடை வைத்திருக்கும் நான். ஆறு பேரும் 21 கி.மீ. ஓட்டம் முடித்தவர்கள். 42 கி.மீ. முடித்தவர்கள் ஆசிரியரும் அக்காவும் மட்டுமே.

விலகிக்கொள்ளலாமா, போகலாமா? போவதென்றால் எப்படிப் போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆரல் காற்று | அக்டோபர் 12, இரவு 10.02

தம்பி, வெளிப்படையாகச் சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். 28 கி.மீ. என்பது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் அதை ஒரே மூச்சில் ஓடுவது வேறு, நான்கு துண்டாக்கி இருபது மணி நேரத்தில் ஓடுவது வேறு. ஒவ்வொரு முறையும் உடம்பு ஆறி, இறுகி, மறுபடி சூடேற வேண்டும். மூன்றாவது முறை வேனிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது தொடை உங்கள் பேச்சைக் கேட்காது. மூன்று மாதம்தான் இருக்கிறது, அதிலும் பாதி மழையில் போய்விடும். இன்னும் ஆறு பேரைத் தேடிப் பிடியுங்கள். நாகர்கோவிலில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமா?

வேளிமலை | அக்டோபர் 13, காலை 6.15

போகலாம் என்பேன். ஆனால் என்ன வகைப் போட்டிக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அமெரிக்காவில் ஹூட் டு கோஸ்ட் என்று ஒரு தொடர் ஓட்டம் 1982 முதல் நடக்கிறது. ஹூட் மலையில் தொடங்கிப் பசிபிக் கரையில் முடியும். ஏறத்தாழ 320 கி.மீ., 36 கட்டங்கள், அணிக்கு 8 முதல் 12 பேர். வர்ஜீனியாவில் தொடங்கி வட கரோலினாவின் ஆஷ்வில் வரைக்கும் போகும் புளூ ரிட்ஜ் ஓட்டத்திலும் 36 கட்டங்கள்தான், 208 மைல். அங்கே நான்கு முதல் ஆறு பேர் கொண்ட அல்ட்ரா அணிகளும் வருகின்றன. ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 56 கி.மீ.; நான்கு பேர் என்றால் 84. அதோடு பார்க்கும்போது உங்கள் 28 கி.மீ. மிதமானதுதான்.

இதற்கு நேர்மாறானது ஜப்பானின் ஹகோனே எக்கிடென். 1920இல் தொடங்கிய பல்கலைக்கழகப் போட்டி. இரண்டு நாள், 217.1 கி.மீ., பத்துப் பேர், ஆளுக்கு ஒரே ஒரு கட்டம். ஐந்தாவது கட்டக்காரர் ஒடவாராவிலிருந்து மலையேறுவார்: 20.8 கி.மீ., ஏற்றம் 800 மீட்டருக்கு மேல். தோளில் கிடக்கும் தசுக்கிப் பட்டையை அடுத்தவரிடம் கொடுத்ததும், அல்லது அன்றைய எல்லைக்கோட்டைத் தாண்டியதும், ஒவ்வொருவர் வேலையும் முடிந்தது. சுருண்டு விழுந்தாலும் தூக்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது. உடம்பில் உள்ளதை முழுவதும் அந்த ஒரு கட்டத்தில் கொட்டிவிடலாம்.

அல்ட்ரா அணியில் அப்படிக் கொட்ட முடியாது. பட்டையைக் கொடுத்த நொடியிலிருந்து அடுத்த கட்டத்துக்கான தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. ஓடாத நேரத்தை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் இந்தப் போட்டி இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள் என்பது அதற்குப் பிறகுதான். யார் எந்த வரிசையில் ஓடுவது என்று யோசித்திருக்கிறீர்களா?

கீரிப்பாறைக்காரன் | அக்டோபர் 13, பிற்பகல் 2.30

நன்றி ஐயா. நேற்று இரவு முழுவதும் கணக்குப் போட்டேன்.

ஒரு கட்டம் சராசரி 7 கி.மீ. ஏற்ற இறக்கம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வைத்தால் 49 நிமிடம். ஆறு பேரும் வரிசையாகச் சுழன்றால், ஒருவர் ஓடி முடித்து மறுபடி ஓடுவதற்குள் 245 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூச்சு அடங்கி உடை மாற்ற 20 நிமிடம், சாப்பிட 30, அடுத்த கட்டத்துக்கு முன் எழுந்து கைகால் அசைக்க 40 என்று கழித்தால் மிஞ்சுவது இரண்டரை மணி. அந்த இரண்டரை மணியிலும் வேன் 49 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றும் இடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறக்கும், மூடும், ஒருவர் வியர்வையோடு ஏறுவார், இன்னொருவர் இறங்குவார். யார் தூங்க முடியும்?

இன்னொரு முறை: மூன்று மூன்று பேராகப் பிரிவது. முதல் மூவர் 1 முதல் 6 வரை ஆளுக்கு இரண்டு கட்டம் ஓடட்டும். அந்த நேரத்தில் அடுத்த மூவர் முன்னால் போய் ஓரிடத்தில் படுத்துவிடட்டும். பிறகு அவர்கள் 7 முதல் 12. மறுபடி முதல் மூவர் 13 முதல் 18, கடைசி ஆறு அவர்களுக்கு. இப்படிச் செய்தால் ஒரே பொழுதில் ஓடும் இரண்டு கட்டங்களுக்கு இடையே 98 நிமிடம்தான் கிடைக்கும். ஆனால் நடுவில் தொடர்ச்சியாக ஏறத்தாழ 5 மணி நேரம் ஓய்வு. வரிசைப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் போதும், எந்த முறையும் விதிக்கு உட்பட்டதே.

எனக்கு இரண்டாவது முறை பிடித்திருக்கிறது. எங்கள் ஆசிரியருக்கு முதல் முறை.

ஆரல் காற்று | அக்டோபர் 13, மாலை 7.45

ஆசிரியர் சொல்வதே சரி. 98 நிமிட இடைவெளி உடம்புக்கு எதற்கும் உதவாது. சாப்பிட்டது செரிக்காது, தசை முழுவதும் ஆறாது. நான்கு மணி நேரம் தூங்காமல் படுத்திருந்தாலே பாதி களைப்பு போய்விடும்.

இரண்டு குழு என்றால் இரண்டு வாகனம் வேண்டும் என்பதையும் மறந்துவிட்டீர்கள். செலவு இரட்டிப்பாகும்.

பன்னிரண்டாம் கோவில் | அக்டோபர் 14, காலை 5.05

மக்களே, எனக்கு மலை ஓட்டப் போட்டியெல்லாம் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகச் சிவாலய ஓட்டம் போகிறேன். அதை வைத்து இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சற்று விளக்கிவிடுகிறேன். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலை முஞ்சிறைத் திருமலையில் புறப்படுவோம். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். பன்னிரண்டு சிவன் கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல், ஓர் இரவும் ஒரு பகலும். காவித் துணி, கையில் பனையோலை விசிறி, வாயில் ‘கோவிந்தா கோபாலா’. புருஷாமிருகம் துரத்தத் துரத்தப் பீமன் ஓடிய ஓட்டம் அது. அவன் உருத்திராட்சத்தைக் கீழே வைத்த இடமெல்லாம் லிங்கமாகும். புருஷாமிருகம் நின்று பூசை செய்யும். அந்த நேரத்தில் பீமன் தப்பி ஓடுவான்.

நான் சொல்ல வந்தது நிற்பதைப் பற்றி. ஒவ்வொரு கோவிலிலும் குளித்து, ஈரத்துணியோடு சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த கோவிலுக்குப் புறப்படுவோம். முதல் வருடம் எனக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது. குளிக்காமல் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடினேன். பொன்மனையோடு படுத்துவிட்டேன். அடுத்த வருடம் முறைப்படி எல்லாக் குளத்திலும் முங்கினேன், முடித்தேன். கால்சூட்டைத் தண்ணீர் எடுத்துவிடும், அது உண்மை. அதைவிடப் பெரிது, நிற்கும்போது முழுமையாக நிற்க வேண்டும் என்று அது பழக்கிவிடுகிறது. பாதி நின்று பாதி ஓடுகிறவன்தான் வழியில் விழுகிறான்.

ஆகவே நீங்கள் சொன்ன அந்த ஐந்து மணி நேரம் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரவுப்பணி | அக்டோபர் 14, இரவு 11.20

அந்த அணியின் நர்ஸ் அக்கா நான்தான். நானே பேசிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக இரவுப்பணி பார்க்கிறேன். இரவில் துண்டு துண்டாகத் தூங்குவதால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபது நிமிடம் கண்மூடி எழுந்தால் தெளிவு வரும். ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும் வரும். நடுவில் ஐம்பதாவது நிமிடத்தில் யாராவது தட்டி எழுப்பினால், அடுத்த அரைமணி நேரம் மருந்துச் சீட்டை இருமுறை படிக்க வேண்டியிருக்கும். அந்த மயக்கத்தோடு இருட்டில் மலைச் சரிவில் யாரையும் ஓடவிட எனக்குச் சம்மதம் இல்லை. மூவர் முறைக்கே என் ஓட்டு.

இன்னொன்று. எல்லோரும் ஓடுகிறவரின் தூக்கத்தைப் பேசுகிறீர்கள், ஓட்டுநரின் தூக்கத்தை யாரும் பேசவில்லை. முன்பு ஓர் ஓட்டத்துக்கு வாடகை வேனில் போய்த் திரும்பும்போது எங்கள் ஓட்டுநர் கண்ணயர்ந்து வண்டி பள்ளத்தோரம் போய் நின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது மணி நேரம் அவரை விழித்திருக்க வைத்தது நாங்கள். இந்த முறை வாகனத்துக்கு ஓர் ஓட்டுநர் என்று இரண்டு பேர் இல்லாமல் நான் வர மாட்டேன். பணம் போதவில்லை என்றால் என் பங்கைக் கூட்டித் தருகிறேன்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் இருக்கும், தாகம் தெரியாது என்று வெறும் தண்ணீரைக் குடங்குடமாகக் குடிப்பவர்கள் உண்டு. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. கலந்து இரண்டு கேன் நானே கொண்டுவருகிறேன்.

குளச்சல் கரை | அக்டோபர் 15, காலை 10.40

நான் போகலாம் என்கிறேன். கடலில் இரவு முழுவதும் வலை போட்டுக் காத்திருந்து பழகியவனுக்கு விழித்திருப்பது கடினம் இல்லை. எனக்குப் பயம் இறக்கத்தைப் பற்றித்தான். முட்டம் மணலில் எவ்வளவு தூரமும் ஓடுவேன். மலையிறக்கம் ஓடியதே இல்லை.

ஆரல் காற்று | அக்டோபர் 15, இரவு 8.15

ஓட்டுநர் பற்றி அக்கா சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை.

குளச்சல் தம்பிக்கு: உன் பயம் நியாயமானது. ஏற்றத்தில் நுரையீரல்தான் திணறும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே நுண்ணிய நார்கள் கிழியும். வலி அன்று தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை கடுமையாக இறங்கி ஓடிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவு சேதம் செய்வதில்லை. தசை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒருநாள் நன்றாக இறங்கி ஓடுங்கள், கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என்னால் ஆன உதவியைச் செய்கிறேன். என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. இரண்டாவது வாகனமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள், நானே ஓட்டுகிறேன்.

கீரிப்பாறைக்காரன் | அக்டோபர் 15, இரவு 9.00

அண்ணே, என்ன சொல்வது என்று தெரியவில்லை. மிக்க நன்றி. போகிறோம்.

கீரிப்பாறைக்காரன் | நவம்பர் 23, மாலை 6.20

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

மழை விடவில்லை. ஆனால் அதிலும் ஒரு நன்மை: மழை பெய்யும் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, பால் பட்டையெல்லாம் வழிந்தோடிவிடும். ஆகவே பால்வெட்டு அண்ணனுக்கு மழை நாள் என்றால் பயிற்சி நாள். கீரிப்பாறையிலிருந்து மாறாமலை போகும் சாலையில் ஏற்றம் பழகுகிறோம். கிராம்புத் தோட்டங்களை நெருங்கும்போது ஈரக்காற்றில் வரும் அந்த மணத்துக்காகவே இன்னொரு வளைவு ஏறலாம். அட்டைக் கடிதான் தொல்லை. சாக்ஸ் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொள்கிறோம்.

காட்டுச் சாலையில் பகலில் மட்டுமே ஓடுகிறோம், அதுவும் வனத்துறை அனுமதிக்கும் இடம் வரைதான். யானை நடமாடும் பகுதியில் இரவில் விளக்கை மாட்டிக்கொண்டு ஓடுவது வீரம் ஆகாது. இரவுப் பயிற்சிக்குக் குமாரகோவிலிலிருந்து பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் வரைக்கும் உள்ள சாலையை எடுத்துக்கொண்டோம். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு 7 கி.மீ., 98 நிமிடம் கழித்து மறுபடி 7 கி.மீ. பிறகு அக்கா வீட்டு மொட்டைமாடியில் தூக்கம். இரவு 1 மணிக்கு எழுந்து மறுபடி இரண்டு முறை.

முதல் வாரம் அந்த 1 மணி எழுச்சியில் நான் அழாத குறை. பால்வெட்டு அண்ணனைப் பார்த்தேன். நெற்றி விளக்கின் பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து, ஒரு விரலால் விளக்கைச் சற்றுக் கீழே சாய்த்து, இரண்டடி முன்னால் மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்தார். “தூரத்தில் வெளிச்சம் அடித்தால் கண் அங்கே போகும், கால் இங்கே தட்டும்” என்றார். மூன்று மணிக்கு எழுந்து முந்நூறு மரம் வெட்டுகிறவரின் அறிவு அது. ஆறு பேரும் இப்போது அப்படியே விளக்கைச் சாய்க்கிறோம்.

உணவு: கடையில் விற்கும் சர்க்கரைப் பசை பாக்கெட் இருவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடும்போது மட்டி வாழைப்பழமும் கருப்பட்டித் துண்டும். ஒரு பொழுது முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி, வேகவைத்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). வயிறு பழகியதை விடக் கூடாது என்பதே முடிவு.

வேளிமலை | நவம்பர் 24, காலை 6.30

மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. ஒருவர் நடுவில் விலக நேர்ந்தால் அவருடைய கட்டங்களை யார் ஓடுவது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? 12 பேர் அணியில் அது சிறு கீறல். ஆறு பேரில் அது ஒரு விரலை இழப்பது போல. போட்டி நடுவில், தூக்கமில்லாத தலையோடு, யார் ஓடுவது என்று பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும்.

கீரிப்பாறைக்காரன் | நவம்பர் 24, பிற்பகல் 1.10

எழுதவில்லை ஐயா. இன்றே உட்காருகிறோம்.

பன்னிரண்டாம் கோவில் | ஜனவரி 14, காலை 7.00

பொங்கல் வாழ்த்துகள் மக்களே. ஆறு பேருக்கும் ஆறு பனையோலை விசிறி உங்கள் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஓடி வந்தவருக்கு இரண்டு நிமிடம் விசிறிவிடுங்கள். கால்வலி தீராது, ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்பது தெரியும்.

கீரிப்பாறைக்காரன் | ஜனவரி 22, இரவு 8.40

முடித்துவிட்டோம். 20 மணி 41 நிமிடம். அல்ட்ரா பிரிவில் எட்டு அணிகள், அதில் ஐந்தாவது இடம். ஆனால் அது முழுக்கதை இல்லை.

முதல் ஆறு கட்டம் நாங்கள்: பால்வெட்டு அண்ணன், நான், மாணவன். வெயில் சாய்ந்த நேரம், எல்லோரும் வேகமாக ஓட ஆசைப்பட்டோம். ஏழே முக்கால் மணி வாக்கில் பட்டையை ஆசிரியர் கையில் கொடுத்தபோது கணக்கைவிட 11 நிமிடம் முன்னால் இருந்தோம். அது தவறு என்று அப்போது தெரியவில்லை. ஆரல் அண்ணன் எங்களைக் காரில் ஏற்றி, முன்பே பேசி வைத்திருந்த பள்ளிக்கூடத் திண்ணையில் இறக்கினார். கஞ்சி குடித்தோம், ஒருவருக்கொருவர் விசிறினோம், படுத்தோம். மூன்றரை மணி நேரம் அடித்துப் போட்டது போல் தூங்கினேன்.

எங்களை எழுப்பும்போதே ஆரல் அண்ணன் முகம் சரியில்லை. 10ஆம் கட்டத்தில், இரவு பதினொரு மணி வாக்கில், ஆசிரியரின் வலது கணுக்கால் உருண்டைக்கல்லில் புரண்டுவிட்டது. மிச்சமிருந்த ஒன்றரை கி.மீ.யை அவர் நடந்தே வந்து பட்டையைக் கொடுத்திருக்கிறார். அடுத்து ஓட வேண்டியவர் அக்கா. அவர் புறப்படுமுன் ஒரு நிமிடம் மண்டியிட்டு, எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து, “சார், நான்கு அடி ஊன்றி நடங்கள்” என்று நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார். எலும்பில் வலி இல்லை, நான்கு அடி வைக்க முடிந்தது. துணியில் ஐஸைச் சுற்றிக் கட்டி, காலை இருக்கைமேல் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு அதன்பிறகுதான் ஓடினார். அந்த ஒரு நிமிடத்தை எங்கள் நேரத்திலிருந்து யாராவது குறைத்துக் காட்ட முடியும் என்றாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆசிரியருக்கு மிச்சமிருந்தவை 19ஆம் கட்டமும் 22ஆம் கட்டமும். நவம்பரில் எழுதிய தாளில் எல்லாம் இருந்தது. அவர் விலகினால் 19 எனக்கு, 22 பால்வெட்டு அண்ணனுக்கு. பேச்சே இல்லை. தாளை ஆரல் அண்ணன் வாசித்தார், இருவரும் தலையசைத்தோம், அவ்வளவுதான். வேளிமலை ஐயாவுக்கு அந்த இடத்தில் மனத்துக்குள் கைகூப்பினேன்.

1 மணிக்கு மேல் எங்கள் முறை. குளிரில் பல் கிட்டியது. நான் 17ஆம் கட்டத்தை முடித்தபோது மணி 5.20. அடுத்து மாணவன் ஓடுகிறான். அவன் வந்ததும் நான் மறுபடி ஓட வேண்டும். இடையில் 50 நிமிடம். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று தெரியும். மட்டிப் பழம் இரண்டு, உப்புத் தண்ணீர் அரை டம்ளர், போர்வையைப் போர்த்திக்கொண்டு மெல்ல நடை.

19ஆம் கட்டம் முதல் நான்கு கி.மீ. ஏற்றம், பிறகு மூன்று கி.மீ. இறக்கம். ஏற்றத்தை வேகநடையாகவே கடந்தேன். இறக்கத்தில் இரண்டு தொடையும் மரக்கட்டை. ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மடங்கப் பார்த்தது. அடியைக் குறுக்கி, கைகளைச் சற்று அகட்டி, முன்னால் இரண்டடி மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். முன்னிரவில் சேமித்ததாக நினைத்த அந்த 11 நிமிடமும் இந்த மூன்று கிலோமீட்டரில் கரைந்துபோனது. கைமாற்றும் இடத்தில் அக்கா விடியல் வெளிச்சத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஆசிரியர், ஒரு காலில் செருப்பு, மறுகாலில் கட்டு, கையில் விசிறி. என்னைக் கண்டதும் விசிறத் தொடங்கிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

22ஆம் கட்டத்தைப் பால்வெட்டு அண்ணன் ஓடினார். அது அவருடைய ஐந்தாவது. தன் வேகம் மாறாமல் ஓடினார் என்றே சொல்ல வேண்டும். குளச்சல் தம்பி கடைசிக் கட்டம். அவனுக்கு இறக்கப் பயம் இருந்ததே, அந்தக் கட்டம் பாதிக்கு மேல் இறக்கம். டிசம்பர் கடைசியில் மாறாமலைச் சாலையில் ஆறு முறை இறங்கி ஓடியது வீண்போகவில்லை.

ஆரல் காற்று | ஜனவரி 22, இரவு 9.30

ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். 98 நிமிட இடைவெளியைப் பற்றி அக்டோபரில் நான் சொன்னது தவறு. ஆறு பேரும் வரிசையாகச் சுழலும் முறையில் வந்த இன்னோர் அணி எங்களோடு ஏறத்தாழ ஒரே நேரத்தில் 14ஆம் கைமாற்றும் இடத்தில் இருந்தது. அவர்கள் வேனுக்குள் ஐந்து பேரும் கண்திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து ஓட வேண்டியவரின் பெயரை இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் அக்காவும் தம்பியும் அப்போது திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு கருத்தை விட மாட்டேன். ஏற்றம் இறக்கம் பார்க்காமல், வரிசைப்படி யாருக்கு எது வருகிறதோ அது என்று விட்டது பிழை. இறக்கக் கட்டங்கள் நான்கு ஒரே ஆளுக்கு விழுந்துவிட்டன. மாணவன் இன்னும் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறானாம்.

கீரிப்பாறைக்காரன் | ஜனவரி 22, இரவு 9.50

உண்மை அண்ணே. ஆளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணினோம், எத்தனை மீட்டர் இறக்கம் என்று எண்ணவில்லை. அடுத்த முறை இறக்கத்தை முதலில் பங்கிட்டுவிட்டுப் பிறகுதான் தூரம்.

இரவுப்பணி | ஜனவரி 23, காலை 8.15

ஆசிரியரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: எலும்பு முறிவு இல்லை, தசைநார்ச் சுளுக்குதான். வீக்கம் பாதி இறங்கிவிட்டது. ஆறு வாரம் ஓட்டம் இல்லை. ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சியை அடுத்த வாரம் தொடங்கலாம்.

அணியில் இருந்த ஒரே பெண் என்ற முறையில் ஒன்று. இரவுக் கட்டங்களில் கழிப்பறை இருந்த இடங்கள் மூன்று மட்டுமே. போட்டிக்குப் பெண்கள் குறைவாக வருகிறார்கள் என்று வியக்கிறவர்கள் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் கோவில் | ஜனவரி 23, மாலை 5.40

படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிவராத்திரிக்கு வருகிறீர்களா?

கீரிப்பாறைக்காரன் | ஜனவரி 23, மாலை 6.05

நான்கு பேர் வருகிறோம் ஐயா, எல்லாக் குளத்திலும் முங்குகிறோம். அதற்கு முன் பிப்ரவரி முதல் ஞாயிறு காலை 5 மணிக்குப் பொற்றையடியிலிருந்து மருந்துவாழ் மலை ஏறுகிறோம். அடுத்த அல்ட்ரா அணிக்குச் சேர விருப்பம் உள்ளவர்கள் வரலாம். மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அடிவாரத்தில் நேரம் குறிக்க உட்கார்ந்திருப்பார்.